தாடை மூட்டு வலிக்கு வீட்டுப் பயிற்சிகள்: ‘ன’ என்ற எழுத்தில் தொடங்குங்கள்

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக 17 வருடமாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள். இடுப்பு, கழுத்து, தோள்பட்டை வலிதான் அதிகம். ஆனால் மாதத்துக்கு நான்கைந்து பேராவது காதுக்கு முன்னால் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், 20 வயதிலிருந்து 40 வயதுக்குள். வரும்போதே ஒரு கட்டுச் சீட்டு கையில் இருக்கும். முதலில் காது டாக்டர். காதில் ஒன்றும் இல்லை. அப்புறம் பல் டாக்டர். எக்ஸ்ரே எடுத்தும் பல்லில் சொத்தை இல்லை. பிறகு தலைவலி மாத்திரை. கடைசியில் யாரோ ஒருவர் ‘தாடை மூட்டு’ என்று எழுதி அனுப்பியிருப்பார்.

அப்படி வந்த ஒருவரை வைத்தே இந்த முறையைச் சொல்கிறேன். அவர் ஓவர்லாக் டெய்லர், 34 வயது. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஒரு வருடமாக வாயைத் திறக்கும்போது வலது பக்கம் ‘டக்’ என்று சத்தம் வந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது சத்தம் நின்றுபோயிருக்கிறது, வாயும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. “வேலை நேரத்துல பல்லை எப்படி வெச்சிருப்பீங்க?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தானுங்க மேடம் வேலை பார்த்தாகணும், வேற எப்படி?” என்றார். கஷ்டத்தைச் சொல்ல நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவர் நிஜமாகவே நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு நூலையும் பல்லாலேயே அறுப்பார். கத்தரி பக்கத்திலேயே தொங்கும், ஆனால் பல்லுக்குத்தான் வேகம் அதிகம்.

முதலில் மூட்டைக் கையால் பாருங்கள்

இரண்டு கை ஆள்காட்டி விரலையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால், காதோடு ஒட்டிய இடத்தில் வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு உருண்டை முன்னால் போய்ப் பின்னால் வருவது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. அது மண்டையோட்டின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வட்டு ஒன்று மெத்தை மாதிரி இருக்கிறது.

இந்த மூட்டு கதவுக் கீல் மாதிரி மட்டும் வேலை செய்வதில்லை. வாய் திறக்கும்போது முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை தாடைத் தலை இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறக்க வேண்டுமென்றால் குழியை விட்டு முன்னால் சறுக்கி வர வேண்டும். வட்டும் கூடவே சறுக்கும். வட்டு கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், தாடைத் தலை அதன் மேல் ஏறும்போது ‘டக்’ என்ற சத்தம் வருகிறது. ஏற முடியாமல் வட்டு வழியை மறித்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும், வாய் திறப்பும் நின்றுவிடும். அந்த டெய்லருக்கு நடந்தது அதுதான். சத்தம் நின்றதும் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதற்காகவே பயந்துபோய் வருகிறார்கள். வலி இல்லை, வாய் முழுசாகத் திறக்கிறது, பூட்டிக்கொள்வதில்லை, சத்தம் மட்டும்தான் என்றால் வைத்தியமே வேண்டாம். என் அம்மாவுக்கு இருபது வருடத்துக்கு மேலாக இடது பக்கம் சத்தம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கே கேட்கும். இதுவரை ஒரு நாள் வலித்ததில்லை, நானும் தொட்டதில்லை.

அளந்து எழுதி வையுங்கள்

உங்கள் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டி, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நடுக் கணு வரை மூன்றும் போனால் திறப்பு சரியாக இருக்கிறது. இரண்டு விரல்தான் போகிறது என்றால் குறைவு. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலைக் கழுவி, மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனி வரை அளக்கலாம். சாதாரணமாக 40 முதல் 50 மில்லிமீட்டர் இருக்கும். 35-க்குக் கீழே என்றால் தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளிம்பு விட்டிருப்பார்கள், அதையும் கூட்டி எழுதுங்கள். அந்த டெய்லருக்கு முதல் நாள் 24.

அளவெடுப்பது வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் ஏறினதற்கும் இறங்கினதற்கும் மனசு அலைபாயும். நாள்காட்டித் தாளில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரே ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். வலியையும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது கண்ணாடி. வீட்டுக் கண்ணாடியில் மை பென்சிலால் மேலிருந்து கீழாக நேர்கோடு ஒன்று போடுங்கள். தாடை நுனியின் நடுவில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மூக்கின் நடு கோட்டில் இருக்கும்படி நின்று வாயை மெதுவாகத் திறங்கள். பொட்டு கோட்டிலேயே இறங்க வேண்டும். ஒரு பக்கம் போய் மறுபடி நடுவுக்கு வந்தால், வட்டு நழுவி நழுவித் திரும்புகிறது. ஒரு பக்கமாகவே போய் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து மூட்டு சறுக்கவில்லை. டெய்லரின் பொட்டு வலது பக்கம் அரை விரல் அளவு போய் நின்றது. அவரே பார்த்துவிட்டு, “கோணலாப் போகுதுங்க” என்றார். ஆறு மாதமாக யாரும் அவருக்கு அதைக் காட்டவில்லை.

பயிற்சி தொடங்கக் கூடாதவர்கள்

இதைப் படிக்காமல் கீழே போகாதீர்கள். வாய் திறக்காததெல்லாம் மூட்டுக் கோளாறு ஆகிவிடாது.

நம் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாக்கு. பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் வெளிறிப்போய், விரலால் தடவினால் கயிறு மாதிரி பட்டை பட்டையாகத் தட்டுப்படும். கொஞ்சம் காரம் பட்டாலும் வாய் எரியும். வாய் திறப்பு மாதா மாதம் குறையும். இது தோல் இறுகிப்போகும் நோய், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாய், முகத்தாடை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சி அவர்களுக்கும் உண்டு, ஆனால் அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கும் இடத்தில் சீழ், அடிபட்ட பின் பற்கள் முன்போல் பொருந்தாமல் போவது, முகத்தில் மரத்துப்போன உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். 50 வயது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலியும் வந்து, தலை சீவும்போது மண்டை வலிக்கிறது அல்லது பார்வை மங்குகிறது என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே போங்கள், கண் பார்வைக்கு ஆபத்து. மாடிப்படி ஏறும்போது தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வேர்வையும் நெஞ்சு அழுத்தமும் கூட வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கொட்டாவி விடும்போது வாய் திறந்தபடியே மாட்டிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்கள் கீழே வரும் இழுவைப் பயிற்சியை மட்டும் தொடவே கூடாது. அவர்களுக்கு மூட்டு ஏற்கெனவே தளர்வு. மற்றதைச் செய்யலாம்.

‘ன’

பயிற்சி என்றதும் எல்லோரும் வாயை ஆவென்று திறந்து காட்டுகிறார்கள். நான் முதல் வாரம் வாயைத் திறக்கவே விடுவதில்லை. தாடைக்கு முதலில் ஓய்வு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பற்கள் சேர வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான். இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நாக்கை எங்கே வைப்பது என்பதுதான் சூட்சுமம். அதற்கு நம் எழுத்தே வழி காட்டுகிறது. ‘ந’ என்று சொல்லுங்கள், நாக்கு நுனி பல்லைத் தொடும். ‘ண’ என்று சொல்லுங்கள், நாக்கு மடிந்து அண்ணத்தின் உள்ளே போகும். ‘ன’ என்று சொல்லுங்கள், மூன்று சுழி அல்ல, இரண்டு சுழி. நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், வரி வரியாக மேடு தட்டுப்படும் இடத்தில் போய் நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். அழுத்த வேண்டாம், ஒட்டியிருந்தால் போதும். உதடு மூடியிருக்கட்டும். மூச்சு மூக்கு வழியாக, வயிறு லேசாக ஏறி இறங்கும்படி. இப்படி நாக்கு மேலே இருக்கும்போது கடைவாய்ப் பற்களைக் கடிக்கத் தோன்றாது, முயன்று பாருங்கள்.

தெரிந்தால் மட்டும் போதாது, ஞாபகம் வர வேண்டும். அதற்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கச் சொல்வேன். தையல் மெஷின் தலையில் ஒன்று, செல்போனின் பின்னால் ஒன்று, அடுப்பு மேடைச் சுவரில் ஒன்று, வண்டியின் மீட்டர் ஓரத்தில் ஒன்று. பொட்டு கண்ணில் பட்டால் ‘ன’ சொல்லி, பல்லை விட்டு, தோளை இறக்கி, ஒரு மூச்சு. பத்து விநாடி வேலை. அந்த டெய்லர் மெஷினில் ஒட்டியதைப் பார்த்துப் பக்கத்து மெஷின் பெண்களும் கேட்டு ஒட்டிக்கொண்டார்களாம். பத்து நாள் கழித்து வந்தபோது வாய் திறப்பு ஒரு மில்லிமீட்டர்தான் கூடியிருந்தது. ஆனால் சாயங்காலத் தலைவலி பாதியாகக் குறைந்திருந்தது.

ஒத்தடமும் தேய்ப்பும்

பயிற்சிக்கு முன்னால் 15 நிமிடம் சூடு கொடுங்கள். சின்னத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கன்னத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரை மூடும்படி வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். சிலர் வறுத்த உப்பு மூட்டையால் ஒத்தடம் கொடுத்துக் கன்னம் பொத்துப்போய் வந்திருக்கிறார்கள். முகத்துத் தோல் மெல்லியது, ஈரச் சூடே நல்லது. முதல் நாள்தான் திடீரென்று வலி வந்தது என்றால் இரண்டு நாளைக்குச் சூடு வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்.

அடுத்து தேய்ப்பு. பல்லை ஒரு தடவை கடித்துப் பாருங்கள், காதுக்குக் கீழே தாடை முனையில் ஒரு தசை புடைக்கும். மாசிட்டர் என்று பெயர். பல்லை விட்டுவிட்டு அதன் மேல் மூன்று விரலை வைத்து, சின்ன வட்டமாக, கன்ன எலும்பிலிருந்து தாடை விளிம்பு வரை இறங்குங்கள். எங்கே தொட்டால் ‘ஆமா, இந்த வலிதான்’ என்று தோன்றுகிறதோ அங்கே விரலை நகர்த்தாமல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தம் எவ்வளவு? சந்தையில் தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்ப்போமே, அவ்வளவு. நெற்றிப்பொட்டிலும் இதே மாதிரி. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். எண்ணெய் தேவையில்லை, விரல் வழுக்கினால் பிடி கிடைக்காது.

ஆறு தடவை, ஆறு வேளை

சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொக்கபாடோ வகுத்த முறை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. நான் கொடுப்பது பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான், என் ஆட்களின் வேலை நேரத்துக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆறில் முதலாவது நாக்கு ஓய்வும் மூக்கு மூச்சும், அதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, நாக்கு மேலே இருக்கும்போதே வாய் திறப்பது. கண்ணாடிக் கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள். நாக்கு ‘ன’ இடத்தில். ஆள்காட்டி விரல் இரண்டும் மூட்டின் மேல். நாக்கு அண்ணத்தை விட்டு விலகாத அளவுக்கு மட்டும் தாடையை மெதுவாக இறக்குங்கள். விரலுக்கடியில் உருண்டை முன்னால் குதிக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே சுழல வேண்டும். பொட்டு கோட்டை விட்டு விலகக் கூடாது, சத்தம் வரக் கூடாது. சத்தம் வருகிறது என்றால் அதற்கு முந்தைய இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று எண்ணி இறக்கி, மூன்று எண்ணி மூடுங்கள், மூடும்போது பல் மோத வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். இதைத்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி பேருக்குப் போதும்.

மூன்றாவது, எதிர்ப்பு. நாக்கு அதே இடத்தில், பற்கள் ஒரு விரல் கனம் விலகி. இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் வைத்து மேலே லேசாகத் தள்ளுங்கள், தாடை அசையாமல் நிற்கட்டும். ஆறு விநாடி. பிறகு விரலைத் தாடையின் வலது பக்கம் வைத்து இடது பக்கமாகத் தள்ளுங்கள், தாடை அசையாது. அப்புறம் மறுபக்கம். மறுபடியும் அதே தக்காளி அழுத்தம்தான். தாடை அசைந்துவிட்டால் நீங்கள் அதிகமாகத் தள்ளுகிறீர்கள்.

மீதி மூன்றும் கழுத்துக்கும் தோளுக்கும். தாடை வலிக்கு எதற்குக் கழுத்து என்று கேட்பார்கள். தலையை முன்னால் நீட்டி, முகத்தை நிமிர்த்தி மெஷினைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். கழுத்தின் முன்பக்கத் தசை இழுத்து, கீழ்த்தாடை பின்னால் போவது உங்களுக்கே தெரியும். அதனால் இரண்டு கையையும் கோத்துப் பிடரியில் வைத்து, முகவாயை லேசாகத் தலையாட்டுவது போல் கீழே இறக்குங்கள், ஆறு விநாடி. அடுத்து, நேராக உட்கார்ந்து, யாரோ நெற்றியில் விரல் வைத்துத் தள்ளுவது போலத் தலையை அப்படியே பின்னுக்கு நகர்த்துங்கள். அண்ணாந்து பார்க்கக் கூடாது, பார்வை எதிரே இருக்க வேண்டும். கடைசியாகத் தோள்களைப் பின்னால் இழுத்துக் கீழே இறக்குங்கள். இந்த மூன்றையும் மெஷினை விட்டு எழாமலே செய்யலாம்.

ஆறு வேளை எப்படி முடியும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். எழுந்ததும், வேலைக்குப் போகும் முன், காலை டீ இடைவேளை, மதியச் சாப்பாட்டுக்கு முன், சாயங்கால டீ, படுக்கும் முன். வேளைக்கு மூன்று நிமிடம். மொத்தமாகச் சேர்த்து ராத்திரி 18 நிமிடம் செய்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. தசைக்குப் பழக்கம் மாற வேண்டும், அது நாள் முழுக்கத் தெளித்தால்தான் நடக்கும்.

இழுவை: கடைசியாக, கவனமாக

வாய் திறப்பு குறைந்தவர்களுக்கு மட்டும் இது. ஒத்தடம் கொடுத்த பிறகு, நாளைக்கு இரண்டு வேளை. கையைக் கழுவி, நகத்தை வெட்டிவிட்டு, கட்டை விரலை மேல் முன்பற்களிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் முன்பற்களிலும் கத்தரி போல வைத்து, மெதுவாக விலக்குங்கள். இறுக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்தி 20, 30 விநாடி பிடியுங்கள். மூச்சை அடக்காதீர்கள். மூன்று தடவை. அவ்வளவுதான்.

ஐஸ்கிரீம் குச்சி அடுக்குவதும் உண்டு. ஒரு குச்சி கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கனம். வலி இல்லாமல் எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனை வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தசை மெல்ல இளகும். இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், வாய் பூட்டிக்கொண்ட ஒரு கல்லூரி மாணவிக்குத் தினமும் ஒரு குச்சி கூட்டும்படி சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் கன்னம் வீங்கி, வந்தபோது இருந்ததைவிடக் குறைவாகத் திறந்தபடி வந்து நின்றாள். வலித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவளுக்குச் சரியாக மூன்று மாதம் ஆனது. அதிலிருந்து நாள் கணக்கில் குச்சி கூட்டச் சொல்வதே இல்லை. இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணிக்கை சுலபமாக இருந்தால்தான் அடுத்த குச்சி.

பக்கவாட்டு அசைவுக்கும் குச்சி உதவும். மூன்று நான்கு குச்சியை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே படுக்கைவாக்கில் லேசாகப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தாடையை இடம் வலமாக மெதுவாக நகர்த்துங்கள். சறுக்காமல் நின்றுபோன மூட்டை நகர்த்த இது நல்ல வழி. வலது மூட்டு மாட்டியிருந்தால் இடது பக்கம் போவதுதான் கஷ்டமாக இருக்கும், அந்தப் பக்கம்தான் அதிகம் பழக வேண்டும்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பயிற்சி செய்யும்போது வலி எண் இரண்டுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறின வலி அரை மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலையிலும் இருந்தால் நேற்றுச் செய்ததில் பாதிதான் இன்றைக்கு. இழுவையை இரண்டு நாள் விட்டுவிட்டு ‘ன’வுக்கும் ஒத்தடத்துக்கும் திரும்பிப் போங்கள்.

சாப்பாடும் மற்றதும்

முதல் ஒரு மாதம் இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த சாதம், வேகவைத்த காய், வாழைப்பழம். பரோட்டா வேண்டவே வேண்டாம். முறுக்கு, சீடை, கமர்கட், கடலை மிட்டாய், சூயிங்கம், எலும்பு கடிப்பது எல்லாம் நிறுத்தம். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள். வலிக்காத பக்கத்தில் மட்டுமே மென்றுகொண்டிருக்காதீர்கள், முடிந்த வரை இரண்டு பக்கமும்.

கொட்டாவி வரும்போது நாக்கை ‘ன’ இடத்தில் ஒட்டிவையுங்கள், அல்லது முகவாய்க்கு அடியில் முஷ்டியைக் கொடுங்கள். குப்புறப் படுக்காதீர்கள். நகம் கடிப்பது, பேனா மூடி கடிப்பது, ஊக்கை வாயில் வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் பல் சேர்ந்துதான் வேலை செய்கிறது. பல் டாக்டரிடம் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுநடுவே வாயை மூட இடைவெளி கொடுப்பார்.

காதும் பழைய கதையும்

இந்தக் கோளாறைக் காதோடு சேர்த்து விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 1934-இல். காது அடைப்பு, இரைச்சல், தலைசுற்றல் எல்லாம் பல் கடிப்பு சரியில்லாததால் வருகிறது என்று அவர் சொன்னார். அந்தக் காரணம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் ‘பல் கடியைச் சரி செய்தால் போய்விடும்’ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நல்ல பல்லைத் தேய்த்து உயரம் குறைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வலி அப்படியேதான் இருந்தது. தேய்த்த பல் திரும்ப வராது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவற்றில் தாடைப் பயிற்சி, இழுவை, உட்காரும், நிற்கும் விதத்தைச் சரிசெய்யும் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, மன அழுத்தத்தைக் கையாளப் பழக்கும் சிகிச்சை ஆகியவை இருக்கின்றன. பல் கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் வாய்த் தகடுகளும் வட்டை எடுத்துவிடும் அறுவையும் வேண்டாம் பட்டியலில். யாராவது உங்களை நேராக அங்கே அழைத்துப் போகப் பார்த்தால், பயிற்சியை மூன்று மாதம் முடித்துவிட்டு வருகிறேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

எத்தனை நாள்

தசை வலி மட்டும் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடுகிறது. வட்டு மாட்டி வாய் பூட்டியவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். பயிற்சியால் வட்டு பழைய இடத்துக்குத் திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் வட்டுக்குப் பின்னால் உள்ள திசு மெல்ல மெல்ல உறுதியாகி, வட்டு செய்த வேலையைச் செய்யப் பழகிவிடும். நாம் செய்வதெல்லாம் அதற்கு இதமாக அசைவு கொடுப்பதுதான். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஸ்கேலில் எண் அசையவே இல்லை என்றால் முகத்தாடை மருத்துவரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

வலி போனதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். ஆறு வேளையை மூன்றாக்குங்கள், இரண்டு வாரம் கழித்துக் காலை, இரவு மட்டும். இழுவையை முதலில் விடலாம். ‘ன’வை விடவே வேண்டாம்.

அந்த டெய்லருக்கு நாலாவது வாரம் 29, எட்டாவது வாரம் 35, பன்னிரண்டாவது வாரம் 39. பொட்டு இன்னும் துளி வலது பக்கம் போகிறது, ஆனால் வலி இல்லை. போன பொங்கலுக்குக் கரும்பு சாப்பிடலாமா என்று போன் செய்து கேட்டார். பல்லால் உரிக்கக் கூடாது, கத்தியால் தோல் சீவி, கணுவை விட்டுவிட்டு விரல் நுனி அளவுக்குத் துண்டு போட்டு, இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். ஜூஸாகவே குடிச்சுக்கறேனுங்க மேடம் என்றார். அதுவும் சரிதான்.